314 தொடர்பு பதிவேற்றியும் ஒன்றுகூட உறுதியாகவில்லை. பதிவு மென்பொருளில் எங்கே பிழை?

கிணற்றடி_டைபோல் | இணுவில் | வெள்ளி இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம்தான் அமெச்சூர் வானொலிச் சோதனை எழுதி, இலங்கைக்குரிய 4எஸ்7 அழைப்புக்குறி எடுத்தேன். வளவுக்குள் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொட்டில். வானொலிச் செற், மடிக்கணினி எல்லாம் அங்கேதான். இரண்டு தென்னைக்கு நடுவில் 20 மீற்றர் அலைக்கு ஒரு டைபோல் அன்ரனா, அதற்குக் கீழே 15 மீற்றருக்கு இன்னொன்று. மூன்று மாதமாக அநேகமாக ஒவ்வொரு பின்னேரமும், கணினி வழியாகக் குறுஞ்செய்தி மாற்றும் எஃப்டி8 முறையில் இருக்கிறேன்.

இதுவரை 314 தொடர்பு, 61 நாடு. எல்லாம் எஃப்டி8 ஓட்டும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸிலிருந்து நேரே லொக்4ஓஎம் என்ற பதிவு மென்பொருளுக்குப் போய்ப் பதிவாகும். இரண்டு பக்கப் பதிவும் பொருந்தினால் தொடர்பை உறுதிசெய்யும் லொக்புக் ஒஃப் த வேர்ள்ட் (எல்ஓடிடபிள்யூ) தளத்துக்கு அனுமதிப்பத்திரத்தையும் அடையாள அட்டையையும் அனுப்பி டிஜிட்டல் சான்றிதழ் எடுத்து, போன ஞாயிறு முழுவதையும் பதிவேற்றினேன். ஐந்து நாளாகிவிட்டது. ஒரு கியூஎஸ்எல் (உறுதிப்படுத்தல்) கூட இல்லை. பூச்சியம்.

என்னோடு தொடர்பு எடுத்த யப்பான்காரர்களில் பாதிப் பேராவது அன்றன்றைக்கே பதிவேற்றுபவர்கள். பிழை என்னிடம்தான் என்று விளங்குகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. டிஎக்ஸ்சிசி விருதுக்கு 100 நாடு உறுதியாக வேண்டும். அந்த விருதுப் பத்திரத்தைக் கொட்டில் சுவரில் கொழுவ வேண்டும் என்பதுதான் அனுமதி எடுத்த நாளிலிருந்து ஆசை. மென்பொருளை மாற்ற வேண்டுமா? எது நல்லது?

பனையடி_அலை | கொக்குவில் | வெள்ளி இரவு 9.40

தம்பி, மென்பொருளை மாற்றுகிற கதையைப் பிறகு பார்ப்போம். முதலில், பதிவை டிஜிட்டலாகக் கையெழுத்திடும் டிகியூஎஸ்எல் மென்பொருள் ஏதாவது எச்சரிக்கை காட்டியதா? எல்ஓடிடபிள்யூ தளத்தில் உங்கள் 314உம் தெரிகிறதா?

தெரிகிறது என்றால் அங்கே பார்ப்பது நான்கு விடயம்தான். அழைப்புக்குறி, பேண்ட் (அலைக்கட்டு), மோட் (அனுப்பும் முறை) மூன்றும் இரண்டு பக்கத்திலும் ஒத்துப்போக வேண்டும். நேரம் 30 நிமிடத்துக்கு மேல் விலகக்கூடாது. 314இல் ஒன்றுகூடப் பொருந்தவில்லை என்றால் தட்டச்சுப் பிழையாக இருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்று பிழைத்திருக்கிறது.

ஒரு தொடர்பின் முழு விபரத்தையும் போடுங்கள். மற்றவருடைய அழைப்புக்குறி வேண்டாம். அந்த நேரம் கொட்டிலில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

காவிரிக்கரை_சிற்றலை | திருச்சி | வெள்ளி இரவு 10.05

சான்றிதழில் தொடக்கத் தேதின்னு ஒன்று இருக்கும், அதையும் பாருங்க தம்பி. அதுக்கு முந்தைய தொடர்புகளை டிகியூஎஸ்எல் ஏற்காது. ஆனா அப்படி இருந்தா பதிவேற்றும்போதே சொல்லியிருக்கும். எனக்கென்னவோ பனையடி அண்ணன் சந்தேகப்படுற இடத்துலதான் விஷயம் இருக்குன்னு தோணுது.

கிணற்றடி_டைபோல் | சனி காலை 6.50

எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. 314உம் தளத்தில் தெரிகிறது.

ஒரு தொடர்பு இதோ: யப்பான், 21.074, எஃப்டி8, நேரம் 08:37. இது நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதல் தடவையாக 15 மீற்றரில் யப்பானிலிருந்து எனக்கு நல்ல சிக்னல் அறிக்கை வந்த நாள். அம்மா விளக்கு வைத்துவிட்டு, புட்டு ஆறுகிறது என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டா. ஏழரை மணி தாண்டியிருக்கும். திரையில் சிவப்புப் பின்னணியில் என் அழைப்புக்குறி வந்ததால் எழும்ப மனமில்லாமல் இருந்தேன்.

பனையடி_அலை | சனி காலை 7.15

தம்பி, அம்மா கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று. அதிலேயே விடை இருக்கிறது.

ஏழரை தாண்டி என்றால் 19:37 என்று வைப்போம். எங்கள் நேரம் உலகப் பொது நேரமான யூடிசிக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் போகிறது. 19:37இல் ஐந்தரையைக் கழித்தால் 14:07. உங்கள் பதிவிலோ 08:37 இருக்கிறது. 14:07இல் இன்னொரு ஐந்தரையைக் கழித்துப் பாருங்கள், சரியாக 08:37 வரும்.

இரண்டு தரம் கழிபட்டிருக்கிறது. மடிக்கணினியின் மூலையில் உள்ள மணிக்கூடு என்ன நேரம் காட்டுகிறது? நேர வலயம் என்ன என்று இருக்கிறது?

கிணற்றடி_டைபோல் | சனி காலை 7.32

ஓம் அண்ணை, அதுதான். வானொலிக்காரர் எப்போதும் யூடிசி நேரத்தில் எழுத வேண்டும் என்று படித்திருந்ததால், மணிக்கூட்டையே கையால் யூடிசிக்கு மாற்றி வைத்தேன். நேர வலயத்தைத் தொடவில்லை, அது கொழும்பு என்றே இருக்கிறது. கொட்டிலுக்கு இணையம் எட்டாது, ஆகவே தானாகத் திருத்துவதையும் நிறுத்திவைத்தேன். போனைப் பக்கத்தில் வைத்துச் செக்கனை மட்டும் சரிபார்ப்பேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. எஃப்டி8க்கு நேரம் ஒரு செக்கன் பிசகினாலே சிக்கல் என்கிறார்கள். ஐந்தரை மணித்தியாலம் பிழையாக இருந்தும் 61 நாட்டோடு எப்படித் தொடர்பு கிடைத்தது?

பனையடி_அலை | சனி காலை 8.20

மிக நல்ல கேள்வி. நிறையப் பேர் இந்தப் பிழையோடு மாதக்கணக்கில் ஓடுவதற்குக் காரணமே இதுதான்.

எஃப்டி8 நாளையும் மணியையும் பார்ப்பதில்லை. நேரத்தைப் 15 செக்கன் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டில் நீங்கள் அனுப்ப, அடுத்த துண்டில் மற்றவர் அனுப்புவார். இரண்டு பேருடைய துண்டும் ஒரே நேரத்தில் தொடங்கினால் காணும். ஐந்தரை மணித்தியாலம் என்பது 19,800 செக்கன். அதை 15ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 1,320 வரும். அதனால் உங்கள் துண்டும் உலகத்தின் துண்டும் அச்சொட்டாகப் பொருந்தியே இருந்தன. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் டிடி என்ற நிரலில் எல்லோருக்கும் 0.1, 0.2 என்றுதானே வந்திருக்கும்? செக்கன் சரி என்றுதான் அந்த நிரல் சொல்லும். மணி சரியா என்று சொல்லாது.

மென்பொருள் கணினியிடம் யூடிசி கேட்கும். கணினியோ, நான் கொழும்பில் இருக்கிறேன், மூலையில் 14:07 காட்டுகிறது, அப்படியென்றால் யூடிசி 08:37 என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும். மென்பொருளில் ஒரு குற்றமும் இல்லை. மணிக்கூட்டில் யாழ்ப்பாண நேரத்தையே விடுங்கள், நேர வலயம் கொழும்பு என்றே இருக்கட்டும். யூடிசிக்கு மாற்றுகிற வேலையை மென்பொருள் செய்யும்.

இப்போது பழைய 314. முதலில் ஒன்றையும் தொட வேண்டாம். லொக்4ஓஎம்மிலிருந்து முழுவதையும் அடிஃப் கோப்பாக எடுத்து, "திருத்தமுன்" என்று பெயர் போட்டு ஒரு பென்டிரைவில் வையுங்கள். பிறகு அதன் பிரதியில்தான் வேலை.

காவிரிக்கரை_சிற்றலை | சனி காலை 9.02

அந்த வேலையை நான் செஞ்சு தரேன். 314ஐயும் கையால திருத்தினா நடுவுல கட்டாயம் ஒண்ணு தப்பும்.

அடிஃப் கோப்பை நோட்பேட்ல திறந்து பார்த்திருக்கீங்களா? பார்க்க பயமா இருக்கும், ஆனா ரொம்ப எளிமையான அமைப்பு. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு பெயர், பெயருக்குப் பக்கத்துல அந்தத் தகவல் எத்தனை எழுத்துன்னு ஒரு எண், அப்புறம் தகவல். அவ்வளவுதான். 1996லிருந்து இதே வடிவம். எந்த மென்பொருளிலிருந்து எந்த மென்பொருளுக்கு மாறினாலும் நம்ம பதிவைத் தூக்கிட்டுப் போற பெட்டி இதுதான்.

ஐந்தரை மணி கூட்டும்போது ஒரு இடத்துல கவனம் வேணும். உங்க பதிவுல 20:30 மணி, 11ஆம் தேதின்னு இருக்குறது, கூட்டினா 02:00 மணி, 12ஆம் தேதி ஆகணும். நேரத்தை மட்டும் மாத்திட்டுத் தேதியை விட்டா விடியக்காலைத் தொடர்பெல்லாம் ஒரு நாள் பின்தங்கிப் போயிடும். அதோட, தொடங்கிய நேரம், முடிந்த நேரம்னு ரெண்டு இடம் இருக்கு, ரெண்டையும் மாத்தணும். பைத்தான் நிரல் இருபது வரி போதும். இன்னைக்கு ராத்திரி எழுதி அனுப்புறேன், உங்க கணினியிலேயே ஓட்டுங்க. உங்க பதிவு வெளியே போக வேண்டியதில்லை.

சுன்னாகம்_மோர்ஸ் | சனி மதியம் 12.30

பிள்ளைகள், குறை சொல்ல வரவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் இன்றைக்கும் சிடபிள்யூ, அதாவது மோர்ஸ் தட்டுவது மட்டும்தான். மோர்ஸ் திறப்புக்குப் பக்கத்தில் ஒரு சிஆர் கொப்பி. இடது கையால் திறப்பு, வலது கையால் பேனை. திகதி, நேரம், அலைவரிசை, அழைப்புக்குறி, அனுப்பிய அறிக்கை, பெற்ற அறிக்கை, ஆளின் பெயர், அங்கத்தைய காலநிலை. சுவரில் இரண்டு மணிக்கூடு, ஒன்று எங்கள் நேரம், மற்றது யூடிசி. கையால் எழுதுகிறவனுக்கு நேரம் பிழைத்தால் அந்த நிமிடமே கண்ணில் குத்தும். இரவு எட்டு மணிக்கு இருந்துகொண்டு 08:37 என்று பேனை எழுதாது.

2022இல் பங்குனி மாதம் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது கார் பற்றரியில் செற்றை ஓட்டிக்கொண்டு குப்பி விளக்கில் எழுதிய பக்கங்கள் என்னிடம் இருக்கின்றன. இரண்டு பக்கத்தில் எண்ணெய்க் கறை கூட இருக்கிறது. மடிக்கணினி அந்த மாதத்தில் எத்தனை நாள் உயிரோடு இருந்தது?

பனையடி_அலை | சனி பின்னேரம் 4.10

ஐயா, உங்கள் கொப்பியை நேரில் பார்த்தவன் நான். அந்தக் கையெழுத்துக்கு எந்த மென்பொருளும் கிட்ட வராது. அதை விடச்சொல்லி யாரும் கேட்க மாட்டோம்.

ஆனால் கொப்பியால் முடியாத ஒன்று இருக்கிறது. ஒரு பின்னேரம் 10 மீற்றர் திறந்து, ஒரே நேரத்தில் நாற்பது அழைப்புக்குறி திரையில் ஓடும். அதில் யாரை நான் முன்பே எடுத்திருக்கிறேன், எந்த நாட்டை இந்த பேண்டில் இன்னும் எடுக்கவில்லை, யாரை எடுத்தும் உறுதியாகவில்லை? இதற்கு மூன்று கொப்பியைப் புரட்டி முடிக்க பேண்ட் மூடிவிடும். மென்பொருளில் நிறத்தைப் பார்த்தால் காணும். இந்தியா என்று நினைத்து விட்டுவிடுகிற அழைப்புக்குறிகளில் வியூ4 அந்தமான், வியூ7 இலட்சத்தீவு. இரண்டும் டிஎக்ஸ்சிசியில் தனித்தனிக் கணக்கு. கண் தவறவிட்டாலும் மென்பொருள் அதைப் புது நாடு என்று காட்டும்.

அதற்காக ஒரே மென்பொருள்தான் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். லொக்4ஓஎம் விருதுக் கணக்குக்கு நல்லது, இலவசம், வின்டோஸில்தான் ஓடும். தம்பியிடம் அது இருக்கிறது, மாற்றத் தேவையில்லை. போட்டிக்கு இருந்தால் நான் என்1எம்எம் திறப்பேன். ஒருவரை இரண்டாம் தரம் எடுக்கப் போனால் அதே விநாடி காட்டித் தரும், முடிவில் போட்டிக்கு அனுப்பும் கப்ரில்லோ வடிவத்தில் கோப்புத் தரும். ஆனால் அதை நாளாந்தப் பதிவேடாக வைத்துக்கொள்வதில்லை. போட்டி முடிந்ததும் அடிஃப் எடுத்துப் பெரிய பதிவோடு சேர்த்துவிடுவேன். லினக்ஸ்காரருக்கு சிகியூஆர்லொக். சொந்தமாக ஒரு சின்னச் சேர்வர் வைத்திருப்பவர்களுக்கு கிளவுட்லொக், அதிலிருந்து பிரிந்த வேவ்லொக் இருக்கின்றன. உலாவியைத் திறந்தால் போனிலும் பார்க்கலாம். வெளியிடத்தில் செற்றைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் போனில் போலோ என்ற செயலியைப் பாவிக்கிறார்கள், இணையம் இல்லாத இடத்திலும் எழுதும்.

எதுவாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான். முழுப் பதிவையும் குறையில்லாமல் அடிஃப்பாக வெளியே எடுக்க விடுகிறதா? விடாவிட்டால் அது எவ்வளவு வடிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

சுன்னாகம்_மோர்ஸ் | சனி பின்னேரம் 5.00

வியூ4 கதை சரி. அதை ஒரு முறை நான் விட்டிருக்கிறேன். காதில் விழுந்தது, இந்தியா என்று தாண்டிப் போனேன். அடுத்த நாள் கொப்பியைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அது இன்றைக்கும் நெஞ்சில் இருக்கிறது.

அலைகடல்_50 | வட்டுக்கோட்டை | சனி இரவு 8.15

நேரம் திருத்தி மறுபடி பதிவேற்ற முன், தம்பி இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டிகியூஎஸ்எல்லில் நிலைய இடம் என்று ஒன்று அமைத்திருப்பீர்கள். அதில் கிரிட், அதாவது உலக வரைபடத்தில் உங்கள் கட்டத்தின் குறி, என்ன?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் அதிகம் இருப்பது 6 மீற்றரில் (50 மெகாஹேர்ட்ஸ்), அங்கே நாட்டைவிடக் கிரிட்டுக்குத்தான் மதிப்பு. அனுமதி எடுத்த புதிதில் இணையத்தில் "யாழ்ப்பாணம்" என்று தேடி, வந்த என்ஜே09ஐ அப்படியே போட்டேன். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு நாள் வரைபடத்தில் வீட்டு மொட்டை மாடியைத் தொட்டுப் பார்த்தால் எம்ஜே99 என்று காட்டுகிறது.

80 பாகை கிழக்குத் தீர்க்கரேகை யாழ்ப்பாணத்தின் மேற்குப் பக்கமாக ஊடறுத்துப் போகிறது. கிரிட்டில் சிறு கட்டம் மட்டுமல்ல, முதல் எழுத்தே அந்தக் கோட்டில்தான் மாறுகிறது. மேற்கே எம், கிழக்கே என். யாழ்ப்பாணக் கோட்டை கோட்டுக்குக் கிழக்கே, அதுவும் ஒரு கிலோமீற்றர் அளவுதான். நல்லூர், கொக்குவில், சுன்னாகம், பருத்தித்துறை எல்லாம் என்ஜே09. வட்டுக்கோட்டை, சங்கானை, காரைநகர், ஊர்காவற்றுறை எம்ஜே99. கோட்டையிலிருந்து பண்ணையால் தீவுப்பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள், கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கிரிட்டிலிருந்து மற்றதுக்குப் போய்விடுகிறார்கள்.

டிஎக்ஸ்சிசிக்கு இது தடையில்லை, கிரிட் பிழைத்தாலும் தொடர்பு உறுதியாகும். ஆனால் 50 மெகாஹேர்ட்ஸில் 100 கிரிட் சேர்த்து வியூசிசி விருதுக்கு முயல்கிறவர் என் பதிவை நம்பித்தான் தன் கணக்கில் சேர்க்கிறார். நான் கொடுக்காத கட்டத்தை அவருக்குக் கொடுத்துவிட்டேன், கொடுத்த கட்டத்தை மறைத்துவிட்டேன். கண்டுபிடித்த அன்றிரவு நித்திரை வரவில்லை. புது நிலைய இடம் ஒன்றை எம்ஜே99 என்று அமைத்து, எல்லாவற்றையும் மறுபடி கையெழுத்திட்டு ஏற்றினேன். முன்பே ஏற்றியவை என்று டிகியூஎஸ்எல் தடுக்கும், பரவாயில்லை மறுபடி ஏற்று என்று சொல்ல வேண்டும். கிரிட்டுக்காக என்னை எடுத்திருந்த நால்வருக்குத் தனித்தனியாக மின்னஞ்சலும் எழுதினேன்.

கிணற்றடி_டைபோல் | சனி இரவு 8.48

அக்கா, இப்போதே பார்த்தேன். இணுவில், வரைபடத்தில் கொட்டிலைத் தொட்டால் என்ஜே09. நான் போட்டதும் அதுதான். நிலைய இடத்தில் சிகியூ வலயம் 22, ஐரியூ வலயம் 41, தீவு எண் ஏஎஸ்-003 என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

அலைகடல்_50 | சனி இரவு 8.55

மூன்றும் சரி. ஏஎஸ்-003 எங்கள் பெருந்தீவின் எண். தீவு விருதுக்கு முயல்கிறவர்களுக்கு அது உதவும்.

பனித்தேசம்_40 | ஸ்கார்பரோ | சனி இரவு 11.20

நேரக் கதை போவதைப் பார்த்து எழுதுகிறேன். நான் தொண்ணூறுகளில் கொழும்பில் இருந்தபோது அனுமதி எடுத்தவன். 1995 முதல் 2001 வரை எழுதிய இரண்டு கொப்பி இங்கே என்னிடம் இருக்கிறது. இப்போது ஓய்வு, அவற்றை ஒவ்வொன்றாக மென்பொருளில் ஏற்றுகிறேன். அந்தக் காலத்தில் உள்ளூர் நேரத்தில் எழுதிவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஐந்தரையைக் கழித்து 400 வரை ஏற்றியாயிற்று. ஐரோப்பியர் சிலர் பழைய பதிவுகளையும் எல்ஓடிடபிள்யூவில் ஏற்றியிருக்கிறார்கள். 95இல் எடுத்தவை உறுதியாகின்றன. 97, 98இல் எடுத்தவற்றில் சில மட்டும் வருகின்றன, மற்றவை வருவதில்லை. காகிதம் நனைந்து எண் அழிந்திருக்கிறதோ என்று பார்த்தேன், இல்லை.

பனையடி_அலை | ஞாயிறு காலை 6.30

ஐயா, காகிதம் சரி. மாறியது நாட்டின் மணிக்கூடு.

1996 மே 25 அன்று இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள், யூடிசியோடு ஆறரை வித்தியாசம். அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணி பின்னால் எடுத்து ஆறு மணித்தியாலம் ஆக்கினார்கள். அப்படியே பத்து வருடம் போய், 2006 ஏப்ரல் 15இல்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. கொழும்பில் இருந்த உங்களுக்கு அது ஞாபகம் இருக்கும், இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு கணக்குப் பார்க்கும்போதுதான் மறந்துபோகிறது.

ஆகவே 1996 மே 24 வரை எழுதியதற்கு ஐந்தரை, மறுநாளிலிருந்து ஒக்டோபர் 25 வரை ஆறரை, அதன் பிறகு உங்கள் கொப்பி முடியும் வரை ஆறு. நீங்கள் ஐந்தரை கழித்த 97, 98 பதிவுகள் எல்லாம் சரியாக அரை மணி பிந்தி நிற்கின்றன. எல்லை 30 நிமிடம் என்பதால் மற்றவருடைய மணிக்கூடு கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் பொருந்தும், மற்றப் பக்கம் சாய்ந்திருந்தால் விழுந்துவிடும். நீங்கள் பார்த்ததும் அதுதான்.

மாறிய நாளை ஒட்டிய பக்கங்களைத் தனியே வைத்துப் பாருங்கள். அன்றைக்கே எல்லோரும் சுவர் மணிக்கூட்டை மாற்றியிருக்க மாட்டார்கள்.

பனித்தேசம்_40 | ஞாயிறு காலை 7.05

தம்பி, எப்படி மறந்தேன்! வேலைக்குப் பிந்திப் போன முதல் திங்கட்கிழமை இப்போது கண்ணுக்குள் நிற்கிறது. 96 மே பக்கத்தில் என் கையாலேயே மூலையில் "புது நேரம்" என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன். இவ்வளவு நாளும் அதை வேறு எதற்கோ எழுதினேன் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

சங்குப்பிட்டி_அலைவரி | சாவகச்சேரி | ஞாயிறு காலை 10.40

சான்றிதழ் எடுத்தவர்கள் எல்லோரும் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். என் அனுபவத்தை எழுதுகிறேன், இன்னொருவருக்கு நடக்கக்கூடாது.

டிகியூஎஸ்எல்லில் சான்றிதழுக்கு விண்ணப்பித்தபோது அது ஒரு டிகியூ5 கோப்பை உண்டாக்கி அனுப்பியது. பத்திரங்களை அனுப்பிவிட்டுப் பதிலுக்கு இருந்த நாட்களில் மடிக்கணினி மெதுவாக ஓடுகிறது என்று ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வின்டோஸைப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். பிறகு எல்ஓடிடபிள்யூவிலிருந்து சான்றிதழோடு டிகியூ6 கோப்பு வந்தது. ஏற்றினால் ஏற மாட்டேன் என்கிறது. விண்ணப்பிக்கும்போது என் கணினியில் இரகசியச் சாவி ஒன்று உருவாகியிருக்கிறது. அந்தப் பாதி அழிந்துபோய், வந்த பாதியை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு.

ஆகவே டிகியூ6 ஏறிய அன்றே, சான்றிதழை பி12 கோப்பாகச் சேமித்து, கடவுச்சொல்லோடு இரண்டு இடத்தில் வையுங்கள். சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும், முடிய முன் புதுப்பியுங்கள்.

பதிவோடும் இதே கதைதான். அந்தக் கடை அழித்ததில் 2019க்கு முந்திய என் பதிவும் போனது, ஏறக்குறைய 900 தொடர்பு. உறுதியானவற்றை எல்ஓடிடபிள்யூவிலிருந்து இறக்கி எடுத்தேன். ஆனால் மற்றவரின் பெயர், ஊர், கதைத்த கதை ஒன்றும் அங்கே இல்லை. முதல் தடவை யாழ்ப்பாணத்திலிருந்து பிரேசிலோடு கதைத்த அந்த வரி என்னிடம் இனி இல்லை. 2024 மே மாதத்தில் எல்ஓடிடபிள்யூ நின்றுபோய் யூலை முதலாந் திகதிதான் திரும்ப வந்தது ஞாபகமா? அந்த வாரங்களில் பதிவைத் தன் கையில் வைத்திருந்தவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை.

காவிரிக்கரை_சிற்றலை | ஞாயிறு மதியம் 1.15

900 தொடர்பு! படிக்கவே மனசு கஷ்டமா இருக்கு அண்ணே.

நான் ஒவ்வொரு தடவை செற்றை அணைக்கும்போதும் அடிஃப் ஒண்ணு எடுத்துத் தேதி போட்டு வைப்பேன். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸும் தன்னோட பங்குக்கு ஒரு அடிஃப் பதிவு வெச்சிருக்கும், அதையும் சேர்த்து எடுங்க. பெரிய பதிவு போனாலும் அது காப்பாத்தும். கிளப்லொக்ங்கிற இணையதளத்துலயும் ஏத்தி வைக்கலாம். அங்கே நாடு தப்பாப் பதிவானதைக் கண்டுபிடிச்சுச் சொல்லும், அது இன்னொரு பிரதியாவும் இருக்கும்.

எஃப்டி4 எடுக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். அடிஃப்ல எஃப்டி8 தனி மோட். எஃப்டி4 அப்படியில்ல, எம்எஃப்எஸ்கேங்கிற மோடுக்குள்ள ஒரு துணை மோட். பழைய மென்பொருளுக்கு மாத்தும்போது துணை மோட் விட்டுப்போய் வெறும் எம்எஃப்எஸ்கேன்னு நிக்கும், அப்புறம் பொருந்தாது. மாத்தின உடனே அஞ்சாறு எஃப்டி4 தொடர்பைத் திறந்து பார்த்துடுங்க.

கிணற்றடி தம்பி, நிரல் அனுப்பிட்டேன். முதல்ல பத்துத் தொடர்புல ஓட்டிப் பாருங்க.

கிணற்றடி_டைபோல் | ஞாயிறு பின்னேரம் 6.20

பத்தில் ஓட்டிப் பார்த்தேன். யப்பான் 14:07 ஆகிவிட்டது. விடியப்புறம் எடுத்த நியூசிலாந்து அடுத்த நாளுக்குப் போய்விட்டது. நேரே 314ஐயும் ஓட்டி, ஐந்தாறு தொடர்பைக் கையால் கணக்குப் பார்த்துச் சரியென்று கண்டு, டிகியூஎஸ்எல்லில் கையெழுத்திட்டு இப்போதுதான் ஏற்றினேன். பிழையான நேரத்தோடு ஏற்கெனவே போன 314ஐயும் எப்படி அழிப்பது?

பனையடி_அலை | ஞாயிறு பின்னேரம் 6.35

அழிக்க முடியாது, அழிக்கவும் தேவையில்லை. அந்த நேரத்தில் உங்களோடு தொடர்பு எடுத்ததாக உலகத்தில் யாருடைய பதிவிலும் இல்லை, ஆகவே அவை எதனோடும் பொருந்தாமல் சும்மா கிடக்கும். உங்கள் மென்பொருளில் மட்டும் பழையதும் புதியதும் இரட்டையாக நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிணற்றடி_டைபோல் | திங்கள் காலை 5.48

நித்திரையால் எழும்பியதும் போனில் பார்த்தேன். 203!

முதல் வரியே அந்த யப்பான்காரர்தான். அவருடைய பதிவில் 14:07:15. 61 நாட்டில் 44 உறுதி. பனையடி அண்ணை, காவிரிக்கரை அண்ணா, அலைகடல் அக்கா, எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவிடம் அந்தப் புட்டுக் கதையைச் சொன்னேன். கூப்பிட்ட நேரத்தையும் இனி எழுதி வை என்கிறா.

சுன்னாகம் ஐயா சொன்னதற்காகக் கொட்டிலில் இரண்டு மணிக்கூடு கொழுவப் போகிறேன். ஒரு கொப்பியும் வாங்கினேன். மென்பொருளில் ஏறுவது ஏறட்டும், பெயரும் கதைத்ததும் கொப்பியில் இருக்கட்டும்.

சுன்னாகம்_மோர்ஸ் | திங்கள் காலை 7.10

மிக்க சந்தோஷம் தம்பி. கோடு போடாத கொப்பி வாங்காதே, இரவில் வரி ஏறி இறங்கும். நீ ஒரு நாள் கொட்டிலில் இந்த மென்பொருளை எனக்குக் காட்டித் தா. வியூ4ஐ இனி விட மாட்டேன்.

அலைகடல்_50 | திங்கள் இரவு 9.00

மார்கழி விடுமுறையில் நெடுந்தீவுக்குச் செற்றோடு போக நினைக்கிறேன். குறிகட்டுவானிலிருந்து படகு, ஒரு இரவு தங்கல், கார் பற்றரி ஒன்று. கரையோரத் தீவுகளுக்கு ஏஎஸ்-171 என்று வேறு எண், தீவு விருதுக்காரர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். கிரிட் எம்ஜே99தான், ஆனால் தீவு எண் மாறுவதால் டிகியூஎஸ்எல்லில் நெடுந்தீவு என்றே தனி நிலைய இடம் அமைக்கப் போகிறேன். போனில் போலோவில் எழுதி, திரும்பி வந்து அடிஃப்பாக எடுத்து அந்த இடத்தின் பெயரில் கையெழுத்திடுவேன். யாராவது கூட வருகிறீர்களா?

கிணற்றடி_டைபோல் | திங்கள் இரவு 9.04

நான் வருகிறேன் அக்கா. பற்றரி நான் தூக்குகிறேன்.